கட்டத்துக்குள் வந்த கல்

அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அவர் பெயரை எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதை, பிள்ளைகளே, நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் தெருப் பிள்ளைகள் ஏன் ஆற்றைத் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால், இங்கே இருந்த பள்ளிக்கூடத்தைப் பண்ணை பிடுங்கிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் முழுசும் அது இல்லை. மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் குவைத்தில் ஆறு வருஷம் டிரைவராக இருந்தார். அங்கிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் தோளில் வைத்து எடுக்கிற வீடியோ கேமராவைக் கொண்டுவந்தார். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஸ்டுடியோ. ஒல்லியான ஆள். கேமராவைத் தோளில் ஏற்றினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கேமரா இல்லாத நேரத்திலும் அப்படியே சாய்ந்துதான் நடப்பார்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எடுத்ததை அழிக்க மாட்டார்.

ஒரு கல்யாணத்தில் பந்தியில் தகராறு. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையை மடக்காமல் பாதியில் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அதுவும் கேசட்டில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அன்றைக்கு நான் என் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன்.

"அந்த எடத்த மட்டும் அழிச்சிட்டுக் குடுங்க பாய். நாளைக்குப் பேரப்புள்ளைங்க பாக்கும்ல?"

"பாக்கட்டுமே."

"என்னய்யா பாக்கட்டும்? எங்க மானம் போவுது."

"நடந்துச்சுல்ல?"

"நடந்துச்சு. அதுக்கு?"

"நடந்தத நான் அழிச்சா, அப்புறம் நடந்ததுன்னு நான் காட்டுற எதையும் நீங்க நம்பக்கூடாது. முழுசா வேணும்னா எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா இங்கயே இருக்கட்டும்."

திட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கேசட் அவர் அலமாரியிலேயே கிடந்தது. இப்படியே பாதிக் கல்யாணங்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டன. எனக்கு அன்றைக்கு அவர்மேல் மரியாதை வரவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன்.

இனிப் பள்ளிக்கூடம். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் நம் தெருவுக்குக் கொஞ்சம் வந்தது. அதில் ஒரு மேட்டை யாரும் எடுத்துக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டோம். மூங்கிலும் கீற்றுமாகத் தொடங்கி, ஓடு போடுகிற அளவுக்கு வளர்ந்தோம். ஒரே டீச்சர். எட்டாவது வரைக்கும் படித்தவன் என்பதால் மனு எழுத என்னைப் பள்ளிக்கூடக் கமிட்டிக்குச் செயலாளராக்கினார்கள்.

அந்த மேடு உபரியில் சேராது, தன் பட்டாவில்தான் வருகிறது என்று பண்ணை கேஸ் போட்டிருந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் பண்ணை வீட்டு வாசலில் கொடி மாறும். கேஸ் மட்டும் மாறாது. நாங்களும் ஆட்சிக்கு ஒரு தடவை மாலை வாங்கிக்கொண்டு யாரையாவது போய்ப் பார்ப்போம். "நம்ம ஆட்சியில ஏழைங்க பள்ளிக்கூடத்துல எவன் கை வப்பான்?" என்பார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் அளந்து கல் நடச் சொல்லி உத்தரவு வந்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு மேற்கே, களத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சர்வே கல்லை நட்டார். களம் முழுக்க நமக்கு. தெருவே கூடிக் கை தட்டியது. நாலாம் நாள் அந்தச் சர்வேயருக்கு மாற்றல் வந்தது. அவர் போட வேண்டிய கையெழுத்துப் போடாமலே தாள் கிடந்தது. ஆனாலும் கல் இருந்தது. கல்தான் எங்கள் தாள்.

அந்தக் காலாண்டு லீவில்தான் டீச்சர் பாயைக் கூட்டிவந்தார்கள். பத்து நாளைக்குப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பது, கடைசியில் பிள்ளைகளே நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு படம் எடுப்பது என்று ஏற்பாடு. "அதிகாரிங்ககிட்ட மனுவா குடுத்துக்கிட்டே இருக்கோம். ஒரு தடவை படமாக் காட்டுவோமே" என்றார்கள் டீச்சர்.

முதல் நாள் பாய் கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொண்டுவரச் சொன்னார். குச்சி வைக்கிற அறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேல்கூட்டைக் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"இதுக்குப் பேரு கட்டம். கட்டத்துக்குள்ள வர்றதுதான் படம். கட்டத்துக்கு வெளியில ராஜாவே வந்து நின்னாலும் படத்துல அவரு இல்ல."

நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று கேட்டது: "என்ன பாய், புள்ளைங்களுக்கு ஜாதகக் கட்டமா?"

"ஆமா ஆத்தா. ஒங்க வீட்டுப் பயலுக்கு ராகு சரியில்ல, கட்டத்துலயே நிக்க மாட்டேங்குறான்."

ஒரு வாரம் தெரு முழுக்கத் தீப்பெட்டிக் கூடுதான். சோறு தின்னும்போதுகூடக் கூட்டு வழியாகத் தட்டைப் பார்த்தார்கள். என் மகள் அப்போது ஆறாவது. "அப்பா, ஒங்க தலை கட்டத்துல வரல, கொஞ்சம் குனிங்க" என்பாள். நானும் குனிவேன்.

பாயிடம் இருந்ததே மூன்று கேசட். பேட்டரி அரைமணி நேரம் தாங்கும். அதனால் ஆளுக்கு ஒரே தடவை. ஒரு பையன் வரப்பில் ஓடி வருவதை இன்னொருவன் எடுத்தான். ஓடி வந்தவன் வழுக்கிச் சேற்றில் விழுந்தான்; கால்சட்டை கிழிந்துவிட்டது. சாயங்காலம் பஞ்சாயத்து டிவியில் ஒயரைச் செருகிப் போட்டுக் காட்டினார். தெருவே சிரித்தது. அந்தப் பையன் அழுதுகொண்டே அவர் சட்டையைப் பிடித்தான்.

"அழிச்சிடுங்க பாய் சார். அழிச்சிடுங்க."

"நல்லாத்தானடா ஓடுன. விழுறதுக்கு முன்னாடி ஓடுனதையும் சேத்தா அழிக்கிறது?"

அவன் இரண்டு நாள் வரவில்லை. ஒரு பிள்ளையின் கண்ணீருக்குக்கூட இரங்காத பிடிவாதம் என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம். அதை அவரிடமே கேட்டேன். அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்தார். மறுநாள் ஒரு கால்சட்டைத் துணியும் கேமராவும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், அவன் கையாலேயே அவன் அம்மாவைப் படம் எடுக்க வைத்தார். அவன் விழுந்ததை மட்டும் அழிக்கவில்லை.

பள்ளிக்கூடப் படத்துக்கு வருகிறேன். பிள்ளைகளே கூடிப் பேசி, முதல் காட்சி கல் என்று முடிவு செய்தார்கள். கல்லைக் காட்டி, அப்படியே நம் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைக் காட்ட வேண்டும். என் மகள்தான் கேமரா. பாய் பின்னாலிருந்து தாங்கிக்கொள்வார். கல்லை எடுத்தாள், பின்னால் வேலிக்காத்தான் புதர், பக்கத்தில் களம், எல்லாம் விழுந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர் கூப்பிட்டார்கள் என்று, கேமராவை முக்காலியில் பொருத்தி ஓடவிட்டபடியே பாய் உள்ளே போனார். பத்து நிமிஷம்கூட இருக்காது.

பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம். கல் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். இரண்டும் ஒரே கட்டத்தில் வரவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. நட்டு இருபது நாள்கூட ஆகாத கல், மண் இறுகவில்லை. ஏழு பேர் சேர்ந்து ஆட்டினார்கள், வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து, களத்துக்கு இந்தப் பக்கம், பெயர்ப்பலகைக்குக் கீழே நட்டார்கள். என் மகள் முக்காலியிலிருந்த கேமராவை அவர்களோடேயே திருப்பிக்கொண்டு வந்து, தீப்பெட்டிக் கூட்டை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... ஆ, வந்துட்டு, வந்துட்டு!" என்று சொன்னாள். கல்லும் பலகையும் ஒரே கட்டத்தில் அழகாக வந்துவிட்டன.

பாய் வெளியே வந்தார். பார்த்ததும் இடுப்பில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உடனே திருப்பி நட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குள் பண்ணையின் நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். இறங்கி நின்று கல்லைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"அட, கல்லு இங்கதான இருக்கு! நாந்தான் களத்துக்கு அந்தாண்டன்னு தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன். சரி, எவனும் தொடக்கூடாது. தொட்டா உள்ளதான் போவணும்."

போகும்போது இரண்டு ஆட்களைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போனார். கல் இருக்கிற இடப்படி களம் முழுக்கப் பண்ணைக்கு. பள்ளிக்கூடத்துச் சுவரையொட்டிக் கோடு. மறு அளவை கேட்டு அவர்களே மனுவும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் விசாரணை.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. பேச்சு முழுக்கக் கேசட்டைப் பற்றி. கல் முதலில் எங்கே இருந்தது என்பது அதில் இருக்கிறது. அதே கேசட்டில் பிள்ளைகள் அதைப் பிடுங்குவதும் இருக்கிறது. சர்வே கல்லைப் பிடுங்குவது குற்றம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் சொன்னேன்: "பாய், மொதல்ல உள்ளத மட்டும் வச்சுக்கிட்டு, தூக்குறத அழிச்சிடுவோம். பண்ணைக்காரந்தான் ராவோட ராவா நவுத்திட்டான்னு சொல்லிக்கலாம்."

"வேணாம்ணே."

"ஏழு புள்ளைங்க மொகமும் தெரியுது. என் பொண்ணு சத்தம் கேக்குது."

"அதான்ணே சாட்சி. கட்டத்துல வரலன்னு சொல்லித்தான் தூக்குதுங்க. நமக்கு நட்டமாவுற பக்கமாவே கொண்டாந்து நடுதுங்க. திருடுறவன் தன் நெலத்தக் கொறச்சுக்குவானா? முழுசா பாத்தா தாசில்தாருக்கே புரிஞ்சிடும்."

"புரியலன்னா?"

"புரியும்."

"ஒங்களுக்கென்ன பாய், கேமராவத் தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. எங்க புள்ளைங்க எங்க போவும்?"

அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும், "முழுசா காட்டுவோம்ணே" என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தொழுகைக்கு மொபெட்டில் பள்ளிவாசலுக்குப் போனார். எப்போதும் போல கேமராவைப் பள்ளிக்கூடத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போய் என் மகளைக் கூட்டிவந்தேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட்டினாள். "இதாம்பா, இங்கேருந்துதான் தூக்குறோம்" என்றாள். எனக்குப் பதற்றம். கொஞ்சம்கூட மிச்சம் இருந்துவிடக் கூடாது என்று, "இன்னும் பின்னால போ" என்றேன். "போதும்பா" என்றாள். "போன்னா போ" என்று அதட்டினேன். போனாள். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பதிவுப் பொத்தானை அழுத்தினோம். மேலே கறுப்பாக விழுந்தால் அடியில் உள்ளது அழிந்துவிடும் அல்லவா? இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும், மொபெட் சத்தம் கேட்டது. அணைத்துவிட்டுப் பூட்டினோம். சரிபார்க்க நேரமில்லை.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் கூட்ட அறை டிவியில் பாய் ஒயரைச் செருகினார். தாசில்தார், காரியக்காரர், டீச்சர், கமிட்டிக்காரர்கள், நான். பாய் தெம்பாகத்தான் இருந்தார். "முழுசா பாருங்க சார், வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

திரை கறுப்பாக வந்தது. பாய் குனிந்து ஒயரை அசைத்துப் பார்த்தார். அப்போது கறுப்புக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"ஓடுதா, நிக்குதா?"

"ஓடுதுப்பா. மூடி கழட்டல."

"கழட்டாத. அழிஞ்சிடும்ல?"

"அழிஞ்சிடும்."

"யாரும் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்."

கண்ணை மூடினால் கேமராவுக்குக் காதும் மூடிவிடும் என்று நினைத்திருந்தேன். மூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், பயத்தில் மறந்திருப்பாள். மொபெட் சத்தம் வந்தது. "அணை, அணை" என்றது என் குரல். அதற்குப் பிறகு பளிச்சென்று வெளிச்சம். ஏழு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கல்லைத் தூக்கி வந்து பலகைக்குக் கீழே நட்டார்கள். நான் அழிக்க நினைத்தது அப்படியே இருந்தது. கல் சர்வேயர் நட்ட இடத்தில் நின்றதும், கட்டத்தில் வரவில்லை என்று பிள்ளைகள் பேசியதும்தான் போயிருந்தன.

காரியக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா சார்? இங்கேருந்து அங்க தூக்கிக்கிட்டுப் போனத அழிச்சிட்டானுங்க. பயந்துபோயித் திருப்பிக் கொண்டாந்து வக்கிறதத்தான் நாம பாக்குறோம்."

தாசில்தார் கேட்டார்: "யாருய்யா அழிச்சது?"

தாசில்தாருக்கு என் குரல் தெரியாது; தெரிந்தவர்கள் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கேசட்டு என் பொறுப்புலதான் சார் இருந்துச்சு" என்றார் பாய்.

"அப்ப நீதான் அழிச்சியா?"

ஆமாம் என்று பாயால் சொல்ல முடியாது; அது நடக்கவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும், அதற்கடுத்தது என் மகளிடம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காரியக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

காரியக்காரருக்கு என் குரல் தெரியும்; ஆனாலும் பாயைச் சாட்டுவதுதான் அவருக்கு வசதி. வெளியூர் ஆள் வந்து பிள்ளைகளைத் தூண்டிக் கல்லை நகர்த்தி, சாட்சியத்தையும் அழித்துவிட்டான் என்று பண்ணை புகார் எழுதிக் கொடுத்தது. பாயை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். கேமராவையும் கேசட்டையும் விடவில்லை.

விசாரணை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது என் மகள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"படம் தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுது."

இரண்டு நாளில் ஊர்ப்பேச்சு அவள் காதுக்கும் வந்துவிட்டது. "நான் வந்து சொல்லட்டாப்பா? பாய் சார் அழிக்கலன்னு சொல்லட்டா?"

"நீ சும்மா இரு" என்றேன்.

மறு அளவையில் கோடு சுவரோடுகூட நிற்கவில்லை, வகுப்பறைக்கு நடுவில் போனது. தை அறுவடைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்தார்கள். மேட்டை வெட்டி வயலாக்கினார்கள். டீச்சர் பேராவூரணிப் பக்கம் வேலை கிடைத்துப் போனார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் அதிகம். பெண்பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அடுத்த ஆவணியில் நான் திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டேன். பஸ்ஸில் முழுக்க அந்த வார்த்தைகளையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாடி ஏறினேன். பாய் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெட்டிய பாஸ்போர்ட் போட்டோக்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். கேமரா எட்டு மாசம் ஸ்டேஷன் மூலையில் கிடந்து திரும்பி வந்திருக்கிறது. லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. துணி போர்த்தி ஓரமாக வைத்திருந்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. டீ சொல்லட்டா?"

உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தேன். அவரே பேசினார்.

"பாப்பா படிக்குதா?"

"படிக்குது பாய்."

"எத்தனாவது?"

"ஏழாவது."

"ஆத்தத் தாண்டியா போவுது?"

"ஆமாம் பாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "அது போதும்ணே" என்றார். "நான் அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

வந்த காரியத்தைச் சொல்லாமலே படியிறங்கினேன்.

அன்றைக்குப் பண்ணையில் நடவு. பள்ளிக்கூடம் இருந்த மேட்டை வெட்டித் திருத்திய வயலில் முதல் நடவு. என் மகள் அவள் அம்மாவோடு அங்கே சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவளை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் நான் பஸ் ஏறியிருந்தேன்.